அறுவை அரங்கின் கதவுக்கு அப்பால்: செவிலியர் பணியின் சுமையும் நிறைவும்

அறுவை அரங்கின் வாயிலில், தரையில் ஒரு சிவப்புக் கோடு வரையப்பட்டிருக்கும். உறவினர் அக்கோடு வரையில்தான் வரலாம். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரின் கையை ஒருமுறை இறுகப் பற்றிவிட்டு விலகி நிற்கும் முகங்களை 22 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சிலர் நெற்றியில் திருநீறு இடுவர். சிலர் கண்மூடி ஜெபிப்பர். சிலர் வாய்க்குள் துஆ ஓதுவர். சிலர் எங்களைப் பார்த்து, "பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று மட்டும் கூறுவர்.

கதவு மூடிய பின் உள்ளே நடப்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. முழு மயக்கம் பெறும் நோயாளருக்கும் மயக்க மருந்து செலுத்திய பின் நடந்தவை நினைவில் இருப்பதில்லை. வார்டில் பணிபுரியும் செவிலியரை நோயாளர் பெயர் சொல்லி அழைப்பர். எங்கள் முகத்தையோ முகக்கவசம் பாதி மறைத்திருக்கும். ஆகவே, மருத்துவமனையில் நோயாளரும் உறவினரும் மிகக் குறைவாக அறிந்த பணிகளுள் அறுவை அரங்கச் செவிலியரின் பணியும் ஒன்று. அப்பணி யாது, அதன் சிரமங்கள் எவை, நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் உறவினருக்காக நாங்கள் செய்வது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இருவர், இரு பொறுப்புகள்

ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பொதுவாக இரண்டு செவிலியர் பொறுப்பேற்பர். ஒருவர் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, நுண்ணுயிர் நீக்கப்பட்ட மேலங்கியும் கையுறையும் அணிந்து, அறுவை மருத்துவரின் அருகில் நிற்பார். இவரை 'ஸ்க்ரப்' செவிலியர் என்பர். கருவி மேசை முழுவதும் இவர் பொறுப்பு. மருத்துவர் கையை நீட்டும்போது உரிய கருவி, உரிய திசையில், அக்கையில் வந்து சேர வேண்டும். மருத்துவரின் கண்கள் அறுவை இடத்தைவிட்டு விலகாதிருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே அறுவையின் படிநிலைகள் அனைத்தையும் செவிலியரும் அறிந்திருத்தல் அவசியம். அடுத்து வேண்டப்படுவது கத்தரியா, ஊசியா, இரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கியா என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே உணர்ந்து எடுத்து வைப்பது பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது.

மற்றவர் 'சர்குலேட்டிங்' செவிலியர். இவர் அத்தகைய மேலங்கி அணிவதில்லை; அதனால் அரங்கில் எங்கும் செல்லலாம், ஆனால் கருவி மேசையைத் தொடலாகாது. நோயாளரை வரவேற்று அடையாளத்தைச் சரிபார்ப்பது, மேசையில் சரியான நிலையில் படுக்க வைப்பது, கூடுதல் பொருள்களை எடுத்துத் தருவது, இரத்தம் வரவழைப்பது, அகற்றப்பட்ட திசுவுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவது, நடந்தவை யாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை இவர் கடமைகள். பெயர்ச்சீட்டில் நேரும் ஒரு சிறு பிழை, ஒருவரின் நோயை மற்றொருவருக்கு உரியதாக்கிவிடும். எனவே அச்சீட்டை ஒருவர் எழுத, மற்றொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம்.

செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். அதன் பின் அறுவை அரங்கச் செவிலியத்துக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பும் நம் நாட்டில் உள்ளது. எனினும் இப்பணியின் பெரும் பகுதியை மூத்த செவிலியரின் அருகில் நின்றே கற்கிறோம்.

ஒரே கேள்வியைப் பலமுறை கேட்பது ஏன்?

"வார்டில் பெயரைக் கேட்டார்கள், வாயிலில் கேட்டார்கள், இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். என் சீட்டில் எழுதியிருக்கிறதே!" என்று நோயாளர் சலித்துக்கொள்வதுண்டு. அச்சலிப்பு நியாயமானதே. ஆயினும் நாங்கள் மறந்துபோய்க் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 19 குறிப்புகள் உள்ளன. மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி படும் முன், நோயாளர் அரங்கைவிட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டங்களில் அவற்றை வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். நோயாளர் யார், எந்த அறுவை, வலப் பக்கமா இடப் பக்கமா, ஒவ்வாமை உண்டா, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உரிய நேரத்தில் தரப்பட்டதா என்பன அவற்றுள் சில. புது தில்லி உட்பட 8 நகரங்களைச் சேர்ந்த 8 மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து, அதன் முடிவுகளை 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்பு 100க்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெரும் சிக்கல்கள் 100க்கு 11 என்பதிலிருந்து 7 ஆகக் குறைந்தன. புதிய மருந்தோ, விலையுயர்ந்த இயந்திரமோ இம்மாற்றத்துக்குத் தேவைப்படவில்லை. சில கேள்விகளை உரிய நேரத்தில், உரத்த குரலில் கேட்டதே போதுமானதாயிற்று.

ஆகவே நாங்கள் உங்கள் பெயரைக் கேட்கும்போது "ஆம்" என்று தலையசைக்காமல், முழுப் பெயரையும் செய்யவிருக்கும் அறுவையையும் நீங்களே கூறுங்கள். அச்சத்திலும் களைப்பிலும் இருப்பவர் வேறொருவர் பெயரைக் கேட்டாலும் "ஆம்" என்று சொல்லிவிடக்கூடும்.

தாலியும் மெட்டியும் அரைஞாண் கயிறும்

அரங்கினுள் வரும் முன் நகைகளைக் கழற்றச் சொல்வது பல குடும்பங்களுக்கு மனவருத்தம் தருகிறது. குறிப்பாகத் தாலியைக் கழற்றப் பெண்கள் தயங்குவதை நாங்கள் நன்கு அறிவோம். எங்களுள் பலரும் தாலி அணிந்தவர்களே. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் இயங்கும் கருவியைப் பயன்படுத்துகிறோம். அப்போது உடலில் உள்ள உலோகத்தின் வழியே தீப்புண் ஏற்படும் வாய்ப்பு உண்டு. மேலும், அறுவைக்குப் பின் கை கால்கள் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் விரலின் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். ஆகவே தாலிக்கொடியைக் கழற்றி உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றை அணிந்து வரலாமா என்று வார்டு செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அறுவை செய்யும் இடத்துக்கு அது இடையூறாக இல்லையெனில் பெரும்பாலும் ஒரு வழி கிடைக்கும். ஆண்களின் அரைஞாண் கயிற்றுக்கும் தாயத்துக்கும் இதுவே பொருந்தும்.

நகச்சாயத்தை அகற்றச் சொல்வதற்குக் காரணம், விரல் நுனியில் பொருத்தும் ஆக்ஸிமீட்டர் நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி உயிர்வளியின் அளவைக் காட்டுவதாகும். பொய்ப்பற்களைக் கழற்றச் சொல்வது, மயக்கத்தில் அவை நழுவி மூச்சுப் பாதையை அடைக்காமல் இருப்பதற்காகும்.

தூய்மை எனும் விரதம்

அறுவைக் கருவிகள் ஆட்டோகிளேவ் எனும் அழுத்தக் கலனில், 121 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியில் குறைந்தது 15 நிமிடங்களாவது வைக்கப்பட வேண்டும். வெப்பம் கூடினால் நேரம் குறையும். கருவிப் பொதியின் மேல் ஒட்டப்படும் நாடாவில் உள்ள கோடுகள் போதிய வெப்பம் பட்ட பின் கருநிறம் அடையும். நிறம் மாறாத பொதியை நாங்கள் பிரிப்பதில்லை.

மேலங்கி அணிந்த பின் எங்கள் உடலிலும் ஓர் எல்லை உண்டு. மார்பு முதல் இடுப்பு வரை முன்பகுதி மட்டுமே தூய்மையானது, முதுகு அன்று. கைகளை இடுப்புக்குக் கீழே தாழ்த்தலாகாது. மூக்கு அரித்தாலும் தொடலாகாது. ஐந்து மணி நேரம் நீளும் அறுவையில் இவ்விரதத்தை ஒரு நொடியும் தவறாமல் காப்பது எளிதன்று.

கையுறையின் வரலாற்றிலும் ஒரு செவிலியர் இருக்கிறார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கரோலின் ஹாம்ப்டன் எனும் செவிலியரின் கைகள், கிருமிநாசினிக் கரைசலால் புண்ணாயின. அங்கிருந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1889-90ஆம் ஆண்டுக் காலத்தில், குட்இயர் ரப்பர் நிறுவனத்தின் வாயிலாக அவருக்கென மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். செவிலியரின் கையைக் காக்க வந்த அக்கையுறை நோயாளரையும் தொற்றிலிருந்து காக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

எங்கள் துறையில் 'அறுவை மனச்சான்று' என்றொரு சொல் உண்டு. யாரும் பார்க்காதபோது கையுறையின் நுனி தூய்மையற்ற ஓரிடத்தில் பட்டுவிட்டால், "என் கையுறை மாசுபட்டுவிட்டது" என்று தானே கூறி அதை மாற்றிக்கொள்வதே அது. புதிதாகச் சேரும் செவிலியருக்கு இதைக் கற்பிப்பதே கடினம். கருவிகளின் பெயர்களைச் சில மாதங்களில் மனனம் செய்துவிடலாம். மூத்த மருத்துவர் அவசரப்படும் வேளையில் தன் பிழையைத் தானே அறிவிப்பதற்குத் துணிவு வேண்டும்.

ஒரு துணியின் கணக்கு

அறுவையின்போது இரத்தத்தை ஒற்றியெடுக்கக் காஸ் துணிகளையும், வயிற்று அறுவையில் 'மாப்' எனும் பெரிய துணிகளையும் பயன்படுத்துகிறோம். இரத்தத்தில் நனைந்த துணி உடலின் உள்ளுறுப்புகளிடையே எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அறுவை தொடங்கும் முன்பும், உடற்குழியை மூடும் முன்பும், தோலைத் தைக்கும் முன்பும் துணிகள், ஊசிகள், கருவிகள் அனைத்தையும் இரு செவிலியரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுகிறோம். எண்ணிக்கை சுவரில் உள்ள பலகையில் எழுதப்படும். துணிகளுள் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று நெய்யப்பட்டிருக்கும்.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வேறொரு மருத்துவமனையில் நடந்ததை இங்குக் கூறுகிறேன். நள்ளிரவு கடந்த நேரம். குடலில் ஓட்டை விழுந்து வந்த ஒருவருக்கு அவசர அறுவை. மூன்று மணி நேரத்துக்குப் பின் வயிற்றை மூடத் தொடங்கினார் மருத்துவர். பலகையில் 20 மாப்கள்; நாங்கள் எண்ணியது 19. மீண்டும் எண்ணினோம். 19தான்.

"சார், ஒரு மாப் குறைகிறது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுமுறை சற்று உரக்கச் சொன்னேன். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று அது அவருடைய நான்காவது அறுவை. இரத்த அழுத்தம் தாழ்ந்து வருவதாகவும், விரைந்து முடிப்பது நல்லது என்றும் மயக்கவியல் மருத்துவர் கூறினார். தாமதிப்பதில் ஆபத்து இருந்தது; தாமதிக்காமல் மூடுவதில் அதனினும் பெரிய ஆபத்து இருந்தது. "மறுபடி எண்ணுங்கள் சிஸ்டர்" என்று கூறிவிட்டு, மருத்துவர் தைப்பதை நிறுத்தி, வயிற்றின் ஒவ்வொரு பகுதியையும் கையால் தடவித் தேடினார். மற்றொரு செவிலியர் வாளிகளையும் தரையையும் தேடினார். எக்ஸ்ரே இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பினோம்.

இயந்திரம் வந்து சேரும் முன் அந்த மாப் கிடைத்தது. நோயாளரின் கால் பக்கத்தில் தொங்கிய விரிப்பின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 20 நிமிடங்கள் கழிந்திருந்தன. துணி உடலுக்குள் இல்லவே இல்லை. வீணாக எல்லோரையும் நிறுத்தி வைத்தேனே என்று எனக்கு உடல் கூசியது. மருத்துவர் தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது, "நாளைக்கும் இப்படியே சொல்லுங்கள் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான்.

வெளியில் வந்தபோது நோயாளரின் மனைவி காவலரிடம், "ஏன் இவ்வளவு நேரம்? என்ன ஆயிற்று?" என்று மூன்று முறை கேட்டிருந்ததாக அறிந்தேன். அந்த 20 நிமிடங்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். அறுவை நீள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. கெடுதல் நேர்ந்ததால்தான் தாமதம் என்று ஒவ்வொரு முறையும் கருத வேண்டியதில்லை. சில வேளைகளில் அத்தாமதம் உங்கள் உறவினரின் பாதுகாப்புக்காகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

உடலும் மனமும் சுமப்பவை

இப்பணியின் சிரமங்களை மறைப்பதில் பயனில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் முதுகுவலியும் கால் நரம்புச் சுருட்டலும் பலருக்கு வருகின்றன. எலும்பு முறிவு அறுவைகளில் எக்ஸ்ரே கதிரிலிருந்து காத்துக்கொள்ள ஈயக் கவச அங்கியைச் சுமக்கிறோம். உணவு நேரம் என்று ஒன்று உறுதியாக இருப்பதில்லை. ஊசியோ கத்தியோ கையில் குத்தினால் நோயாளரின் இரத்தத்தில் உள்ள தொற்று எங்களுக்கும் பரவலாம். இதைத் தவிர்க்கக் கூர்மையான கருவிகளைக் கைக்குக் கை கொடுக்காமல், கிட்னி ட்ரேயில் வைத்து நகர்த்துகிறோம்; ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டுக்கொள்கிறோம். இரவில் அழைப்பு வந்தால், உறங்கும் குழந்தையை மாமியாரிடமோ கணவரிடமோ விட்டுவிட்டு வருவதும் உண்டு.

இவற்றினும் கடுமையானது ஒன்று உண்டு. எல்லா முயற்சியும் வெற்றியில் முடிவதில்லை. ஓர் உயிர் எங்கள் மேசையில் பிரியும்போது மருத்துவர் உறவினரிடம் பேச வெளியே செல்வார். அந்நேரத்தில் உள்ளே நாங்கள் அவருடைய முகத்தைத் துடைத்து, தலைமுடியை ஒழுங்குபடுத்தி, தூய விரிப்பால் போர்த்துகிறோம். குடும்பத்தினர் கடைசியாகக் காணும் முகம் அமைதியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதன்பின் அரங்கைத் தூய்மை செய்து, அடுத்த நோயாளரை வரவேற்கும்போது எங்கள் முகத்திலும் குரலிலும் அத்துயரம் தெரியக் கூடாது. இதற்கு எந்தப் பாடநூலிலும் பயிற்சி இல்லை. தேநீர் அறையில் சக செவிலியர் ஒருவர் அருகில் வந்து அமர்வதே எங்களுக்கு மருந்து.

கைம்மாறாகக் கிடைப்பவை

பிறகு ஏன் இப்பணியில் நீடிக்கிறோம் என்று இளையோர் கேட்பதுண்டு. சிசேரியன் அறுவையில் குழந்தையின் முதல் அழுகை எழும்போது அரங்கில் உள்ள அனைவரின் தோள்களும் தளர்வதை ஆயிரம் முறை கண்டாலும் அலுப்பதில்லை. கண்புரை அறுவைக்குப் பின், "உன் முகம் இப்போதுதான் தெரிகிறது தாயே" என்று ஒரு மூதாட்டி என் கன்னத்தைத் தொட்டதை மறக்க இயலாது.

ஆயினும் எங்கள் நிறைவின் பெரும்பகுதி யாரும் அறியாமலே வருவது. மயக்கத்தில் இருப்பவர் தன் உடலைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முழங்கை மேசை விளிம்பில் அழுந்தினால் கையின் நரம்பு பாதிக்கப்படும். அவர் வலி என்று சொல்ல மாட்டார். குளிர்ந்த அரங்கில் உடல் வெப்பம் குறைந்தால் இரத்தக் கசிவும் தொற்றும் கூடும். அவர் போர்வை கேட்க மாட்டார். ஆடை விலகினால் இழுத்து மூடிக்கொள்ள மாட்டார். அவருக்காக அவர் முழங்கையின் கீழ் மெத்தை வைப்பதும், போர்த்துவதும், அவர் மானத்தைக் காப்பதும் எங்கள் கடமை.

குடல் அறுவை செய்துகொண்ட அம்மனிதரை இரண்டு மாதங்களுக்குப் பின் புறநோயாளர் பிரிவில் கண்டேன். மனைவியுடன் வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கடந்து சென்றார், அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. அன்று முழுவதும் எனக்கு மனம் லேசாக இருந்தது.

நோயாளரும் உறவினரும் செய்யக்கூடியவை

* உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கூறுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றை மறைக்க வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் ஒவ்வொருவரிடமும் மறுபடி கூறுங்கள்.

* உணவு, நீர் நிறுத்த வேண்டிய நேரத்தைத் தவறாது கடைப்பிடியுங்கள். பொதுவாகத் திட உணவை அறுவைக்கு 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வர். உங்களுக்குக் கூறப்பட்ட நேரமே உங்களுக்கு உரியது. "பாவம், பசிக்குமே" என்று ஒரு வாய் இட்லி ஊட்டுவது அன்பின் செயல்தான். ஆனால் மயக்கத்தில் அவ்வுணவு நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். தவறுதலாக உண்டிருந்தால் உடனே கூறுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.

* அறுவை செய்யும் பக்கத்தில் மருத்துவர் பேனாவால் அடையாளம் இடுவார். அது சரியான பக்கம்தானா என்று நீங்களும் பாருங்கள்.

* அச்சமாக இருந்தால் சொல்லுங்கள். மயக்கம் வரும் வரை கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், அருகில் உள்ள செவிலியர் இயன்றவரை பிடித்துக்கொள்வார்.

* காத்திருக்கும் உறவினருள் ஒருவர் எப்போதும் வாயிலருகே இருங்கள். கைபேசி எண்ணை வரவேற்பில் பதிவு செய்யுங்கள். நேரம் நீண்டால் விவரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே கேட்டுவந்து சொல்வதும் எங்கள் பணியின் ஒரு பகுதியே.

சிவப்புக் கோட்டருகே நீங்கள் கையை விடும் நொடியில், கோட்டுக்கு அப்பால் நிற்கும் செவிலியர் அந்தக் கையைப் பற்றிக்கொள்கிறார். அவர் முதலில் கேட்பது பெயராகத்தான் இருக்கும். பொறுமையுடன் இன்னொரு முறை கூறுங்கள்.